இருவர் பாரம்

“உன்னைவிடக் கனமான ஆள் ஒண்ணு உன் வீட்டுல குளிக்குதுடா, கெதின்.”

எம்ரிஸ் தன் ஹார்டுவேர் கடை மேசைமேல் அந்தச் சிலிகான் பட்டையைப் போட்டு, விரலால் நீவிக் காட்டினான். ஷவருக்கு அடியில் ஏறி நின்று குளிக்கும் தட்டும் சுவர் டைல்ஸும் சேருகிற இடுக்கில், தண்ணீர் கசியாமலிருக்கப் பூசியது; கெதின் உரித்துக்கொண்டு வந்திருந்தான். கிழிந்த வெள்ளைப் புழுபோல் கிடந்தது.

“அழுகவும் இல்ல, பழசாகவும் இல்ல. இழுபட்டுக் கிழிஞ்சிருக்கு. பூசுறப்போ தட்டுமேல பாரம் வச்சியா?”

“வச்சேனே. மணல் மூட்டை. சரியா என் எடைக்கு.”

“அப்போ நீ ஏறி நின்னு தட்டு கீழ இறங்கினா அது தாங்கிக்கும். அதுக்கு மேல இறங்கினாத்தான் கிழியும்.” எம்ரிஸ் கண்ணடித்தான். “என்னடா, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்தே குளிக்கிறீங்களா? இந்த வயசுலயா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கெதினும் சிரித்தான். காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றுபோனது அவனுக்கே தெரிந்தது.

வீட்டில் இருப்பது அவனும் மனைவி மரெட்டும்தான். மரெட்டோ, காற்றடித்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அவர்கள் இருவரும் அந்தத் தட்டில் சேர்ந்து நின்றது, அது புதிதாக வந்த காலத்தில் எப்போதோ.

கிழிவதெல்லாம் அவன் டப்ளின் கப்பலில் வேலைக்குப் போயிருக்கும்போதுதான். போகும்போது முழுசாக இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் வாய் பிளந்திருக்கும். கசிந்த ஈரத்தில் கூடத்துச் சுவரில் ஒட்டிய காகிதம் உப்பி உரியத் தொடங்கிவிட்டது.

மறுபடி பூச, சிலிகானைப் பிதுக்கும் கன் வேண்டும். அது பக்கத்து வீட்டில், அப்பா இட்வாலிடம் இருந்தது.

இட்வால் சன்னலோர நாற்காலியைவிட்டு எழவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரிய உடம்பு. இப்போதும் நாற்காலி நிறைய இருந்தார். வெள்ளை முடியைப் படிய வாரி, சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போல் பளிச்சென்று இருந்தார். காலில் நழுவிய போர்வையை ஏற்றிவிடக் கெதின் குனிந்தான்.

“கையை எடுடா. நான் இன்னும் சாகல.”

“சரிப்பா, சரி. கன் எங்க?”

“குளிக்கிற ரூம்ல. தொட்டிக்கு அந்தப் பக்கம். தக்காளிச் செடியை ஒடச்சுத் தொலைக்காதே.”

குளியல் தொட்டி நிறையத் தக்காளி நாற்றுகள். அந்த வீட்டில் நல்ல வெயில் விழும் சன்னல் அது ஒன்றுதான். விதைத்து வாரக்கணக்காகி, முழங்கை உயரத்துக்கு வளர்ந்து நின்றன. கெதின் அவற்றின்மேல் சாய்ந்து எட்டிக் கன்னை எடுத்தான். நினைப்பெல்லாம் தன் வீட்டு ஷவரில் இருந்தது.

“இன்னுமா ஒழுகுது?” என்றார் அப்பா, சன்னலைப் பார்த்தபடியே.

“ஒழுகுதுப்பா.”

ஞாயிற்றுக்கிழமை பழைய பிசிறுகளைச் சுரண்டித் துடைத்துக் காயவைத்தான். தட்டில் தன் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கினான். இன்னொரு மூட்டையையும் தூக்கினான். இரண்டு பேர் பாரத்துக்குப் பூசிவிட்டால் கிழியாது; கிழியாவிட்டால் தெரியவும் தெரியாது. தூக்கிய மூட்டையைத் தரையிலேயே வைத்துவிட்டான்.

சிலிகானை ஒரே ஓட்டமாக இழுத்து, ஈர விரலால் நீவினான். மரெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தடவையாவது நிக்குமா?”

“நீதான் சொல்லணும்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. “எனக்கென்ன தெரியும்?” என்று சமையலறைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். கெட்டில் நிறைந்து வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

புதன்கிழமை அவன் கிளம்பும்போது பட்டை முழுசாக இருந்தது. துறைமுகத்தில் காற்று ஆளைத் தள்ளியது. கப்பல் ரத்து என்றார்கள். வழக்கமாக உடனே மரெட்டுக்குப் போன் செய்வான். அன்று செய்யவில்லை.

சத்தமில்லாமல் கதவைத் திறந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறைக்குள் மரெட் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு பிரியமாக அவள் பேசி அவன் கேட்டுப் பல வருடம் ஆகிறது.

“இன்னும் கிட்ட... அப்படித்தான். கழுத்தைக் கட்டிக்கிட்டாப் போதும். நான் விடவே மாட்டேன்.”

கெதின் கைப்பிடியில் கை வைத்தான். திருப்ப முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. திறந்து என்ன கேட்பது, யாரை அடிப்பது, அடித்துவிட்டு எங்கே போவது? ஒன்றும் தெரியாமல் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே தட்டு முனகிக்கொண்டு கீழே இறங்கியது. இந்நேரம் பட்டை பிளந்திருக்கும்.

தண்ணீர் நின்றது. ஆண் குரல் ஒன்று, தழுதழுத்தது.

“என் பையனுக்கு மட்டும் சொல்லிடாதேம்மா.”