மலிவுப் பேனா

மூன்று வருஷக் கொலை வழக்கில், நீதிபதியின் தங்கமுள் பேனாவைக் கூண்டிலிருந்து பார்த்துப் பார்த்துச் சுடலையாண்டிக்குக் கண் பழகியிருந்தது. இன்று அது மேஜையோரம் மூடிக் கிடந்தது. அவர் கையில் புதிதாய் ஒரு மலிவுப் பேனா. தூக்குத் தண்டனை எழுதியதும் பேனா முள்ளை ஒடித்துவிடுவார்கள் என்று சிறையில் சொல்லக் கேட்டிருக்கிறான்.

அரசு வக்கீல் பேசி உட்கார்ந்ததும், எழப்போன தன் வக்கீலின் கவுனைப் பிடித்து இழுத்தான்.

“ஐயா, பேனாவ மாத்திட்டாரு.”

“சும்மா இருப்பா. நான் இன்னும் வாதத்தையே ஆரம்பிக்கல.”

“அதத்தாங்கய்யா நானும் சொல்றேன்.”

நீதிபதி நிமிர்ந்து புன்னகைத்தார். மூன்று வருஷத்தில் இதுதான் முதல்முறை.

“ஒண்ணும் அவசரமில்ல, நிதானமா வாதாடுங்க” என்றபடி, தங்கமுள் பேனாவைத் துடைத்து டப்பாவுக்குள் பத்திரமாக வைத்து மூடினார்.