மாவு இறுகும் நேரம்

"பாட்டுப் பயிற்சி இன்னிக்குக் கிடையாதாம்! பனி கொட்டுதாம், யாரும் கோயிலுக்கு வர வேண்டாமாம்!"

ஃபோனை வைத்துவிட்டு லவோன் திரும்பினாள். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கணவர் ஆர்விட்டின் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ நீ இன்னிக்கு எங்கேயுமே போகலையா?"

"ஏன், நான் வீட்ல இருந்தா உனக்கு எங்கேயாவது குத்துதா?"

"சேச்சே, சும்மா கேட்டேன்."

லவோனுக்கு அதற்கு மேல் சண்டை போட நேரமில்லை. நாளை ஆராதனை முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் கிறிஸ்துமஸ் குக்கீ விற்பனை. மேசை நிறைய டப்பாக்கள் இருந்தாலும், வருடா வருடம் முதலில் காலியாவது அவளுடையதுதான். சிவப்பும் பச்சையுமாகச் செர்ரித் துண்டுகளும் வால்நட்டும் போட்டுப் பிசைந்த மாவை நீள உருளைகளாக்கி, மெழுகுத்தாளில் சுருட்டி ஃப்ரிட்ஜில் அடுக்கினாள். இறுகிய பிறகு வெட்டிச் சுட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால், தான் வீட்டிலேயே இருந்தால் குக்கீ தேறாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

கோட்டை எடுத்து மாட்டினாள்.

"எதிர்வீட்டுப் பொண்ணு ஜனெலைப் பார்த்துட்டு வர்றேன். ஃப்ரிட்ஜ் பக்கம் தலை வச்சே, தொலைச்சிடுவேன். மாவுல ஒரு துண்டு குறைஞ்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்!"

"எனக்கு எதுக்குடியம்மா உன் மாவு? வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத ஆளு நான்."

சொல்லிக்கொண்டே ஆர்விட் எழுந்து, அவளுடைய பனிக்காலணியைத் தானே கொண்டுவந்து வைத்தார். "மெதுவாவே வா. அவசரப்பட்டா வழுக்கிடும்."

முழங்கால் அளவுப் பனியில் தெருவைக் கடப்பதற்குள் லவோனுக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த ஜனெலின் கன்னமெல்லாம் மாவு. இந்தக் கோடையில்தான் ஊருக்குக் குடிவந்தவள், பள்ளிக்கூட ஆசிரியை. நாளை முதல்முறையாக அவளும் டப்பா வைக்கிறாள்.

"நல்லவேளை வந்தீங்க! இந்த அநியாயத்தைப் பாருங்க."

தட்டில் இருந்தவை பாதி கருகியும் பாதி உதிர்ந்தும் கிடந்தன.

"நீங்க சொன்ன அதே அளவு, அதே வெண்ணெய். வெட்டினா பொடியாகுது, சுட்டா கல்லாகுது. எங்க நாய்கூட மோந்து பார்த்துட்டு மரியாதையா விலகிப் போயிடுச்சு."

லவோன் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். பல்லைக் காப்பாற்றிக்கொண்டு அப்படியே கீழே வைத்தாள்.

"சிரிக்காதீங்க லவோன். என் மாமியார் வேற நாளைக்கு விற்பனைக்கு வர்றாங்க. இத்தனை வருஷமா ஊரே உங்க குக்கீக்கு வரிசையில நிக்குதுன்னா, நீங்க ஏதோ ஒண்ணை மறைக்கிறீங்க. மாவைப் பிசைஞ்ச பிறகு என்னதான் பண்றீங்க?"

ஜனெல் கொடுத்த சூடான காப்பியோடு லவோன் ஜன்னலோரம் போய் நின்றாள். பனிக்கு அப்பால், தன் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிவது மங்கலாகத் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. நிதானமாக ஒரு வாய் காப்பி குடித்தாள்.

கண்கள் கலங்கி நின்ற ஜனெலைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"சரி, சொல்றேன். வெளியே மூச்சு விடக்கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

"மாவைச் சுருட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சதும், புருஷனைத் தனியா விட்டுட்டு வீட்டைவிட்டுக் கிளம்பிடணும். இருட்டுற வரைக்கும் திரும்பக் கூடாது. அதான் சூட்சுமம்."

ஜனெல் விழித்தாள். "மாவு இறுக அவ்வளவு நேரமா ஆகும்?"

"மாவுக்கு எதுக்குக் கண்ணு அவ்வளவு நேரம்? நான் பிசைஞ்சதைக் குப்பையில கொட்டிட்டு, தான் பிசைஞ்சதை அதே தாள்ல சுருட்டி வச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நாற்காலியில போய் உட்கார அந்த மனுஷனுக்கு அவ்வளவு நேரம் வேணும். கல்யாணமான வருஷத்திலேர்ந்து இதான் நடக்குது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கு, பாவம்!"