மாமன் மடி

மரகதம் வாழும் நாட்டுக்கு வர அவள் தம்பி பூமிநாதனுக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். வருகையின் நோக்கம் போதுமானதாக இல்லையாம். மூன்றாவது அழைப்புக் கடிதத்தை எழுத அவள் கணினி முன் உட்கார்ந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டிய மகள் நிறைமதி பக்கத்தில் நின்றாள். பிறந்த வருடம் அவன் வாங்கி அனுப்பிய தோடு இன்னும் டப்பாவில்தான் இருந்தது. நிறைமதிக்கு எட்டு வயது. யார் மடியில் உட்கார்ந்தாலும் இப்போது அவள் கால் தரையைத் தொடும்.

“ஊரைச் சுத்திப் பாக்க வர்றான்னு எழுதேன்டி,” என்றான் கணவன் சேது. “பத்து நிமிஷம் உட்கார விசா குடுன்னா எவன் குடுப்பான்?”

“அவன் ஊர் சுத்த வரல.”

“அப்ப இவ என் மடியில உட்காரட்டும். காலியாத்தான் இருக்கு.”

“உங்க மடியில தினமும்தான் உட்கார்றா.”

நிறைமதி காது மடலைத் தேய்த்தாள். “மாமா மடின்னா வலிக்காதாம்மா?”

“வலிக்கும். அழுவ. அவன் புடிச்சுக்குவான்.”

மரகதம் திரையைப் பார்த்தாள். ‘குடும்ப விழா’ என்றிருந்ததை அழித்தாள். ‘காது குத்தும்போது என் மகளுக்கு வலிக்கும். அப்போது அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் என் தம்பி. அழுகை நின்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவான். அங்கே அவனுக்குப் பஞ்சர் கடை இருக்கிறது’ என்று எழுதினாள். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

சேது படித்தான். “இதுக்கும் இல்லைன்னுட்டா?”

“மறுபடி எழுதுவேன். காது எங்கயும் போயிடாது.”