டிரில் பீரியட்

அழைப்பு மணி அடித்தபோது அவள் அம்மாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன்தான். சொன்ன நேரத்துக்கு வராதவன், வந்த பிறகு மணியிலிருந்து விரலை எடுக்க மாட்டான்.

கீழே அவன் கார் நிற்கும். அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். நிற்க முடியாத ஒருத்தி, நடக்க முடியாத ஒருத்தி, இதில் யார் யாரைத் தூக்குவது என்று கேட்டான். கேள்வியில் தப்பில்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஆனால் நேற்று போனில் ஒரு வழியும் விட்டிருந்தான்.

“நீயே நடந்து வந்து கதவைத் திற. வாக்கர் கூடாது. திறந்துட்டேன்னா, அப்புறம் இந்தப் பேச்சுக்கு நான் வாயே திறக்க மாட்டேன்.”

அவன் வாயை மூடுவதற்காகவாவது நடந்தாக வேண்டும்.

அவனிடம் ஒரு சாவி உண்டு. அதனால் காலையிலேயே உள்தாழ்ப்பாளைப் போட்டு வைத்திருந்தாள்.

அவளுடையது இடது மூட்டு. டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்கள் மிதிக்க மறந்த கிளட்ச்சையெல்லாம் மிதித்து மிதித்தே தேய்ந்த மூட்டு. அறுத்து உள்ளே உலோகம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் போய் வருகிறாள். அதன் ஒரு காலில் ரப்பர் கழன்றுவிட்டதால் தரையில் வைக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று சத்தம் வரும். அதை விட்டுவிட்டு ஓரடி கூட நடந்ததில்லை.

அம்மாவின் கதை வேறு. காய்ச்சலில் விழுந்து தேறிய பிறகு, கால்களில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் எழுந்து நிற்பது என்று ஒன்று இருப்பதே அம்மாவுக்கு மறந்துபோயிற்று. மகளை அதற்கு முன்பே மறந்தாயிற்று. கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். கையைப் பிடித்து இழுத்த நர்ஸுக்கு ஓர் அறை கிடைத்தது. உதவிக்கு வரும் பெண்தான் காலையும் மாலையும் தூக்கி உட்கார வைக்கிறாள்.

இருந்தாலும் கண் விழித்ததும் அம்மா யாரையோ தேடுவாள். அந்த யாரோ தான்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மணி மறுபடி அடித்தது.

வாக்கரைப் பிடித்து எழுந்தாள். அதை அம்மாவின் நாற்காலிக்கு முன்னாலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தாள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

“யாரது கோணலா நிக்கிறது? நேரா நில்லு!”

அம்மா வெகுகாலம் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். எல்லாம் போன பிறகும் அந்தக் குரல் மட்டும் போகவில்லை. சொந்தப் பிள்ளைகள் என்று சலுகை காட்டியவளும் இல்லை. கால் வலி என்று முனகினால் மைதானத்தை இன்னொரு சுற்று சுற்ற வேண்டும். தாமதமாக வந்தால் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அண்ணன் பாதிப் படிப்பை அந்த கேட்டுக்கு வெளியேதான் படித்தான்.

“லெஃப்ட்!”

வலிக்கிற காலைப் பார்த்துத்தான் கேட்பாளா! பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை எடுத்து வைத்தாள். மூட்டுக்குள் யாரோ திருகாணியை முடுக்கினார்கள்.

“ரைட்!”

நிலைப்படியைத் தாண்டினாள். அடுத்தது ஹால். காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்பவே கூடாது என்று பிசியோதெரபி பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கதவின் கைப்பிடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தாள்.

பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அம்மா டம்ளரால் நாற்காலிக் கையில் தட்டுகிறாள். சாப்பாடு தாமதமானால் அப்படித்தான். இப்போது தாளம் போடுகிறாள் போலிருக்கிறது.

ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வந்தபோது முடியவில்லை. முதுகெல்லாம் வியர்வை. கொஞ்சம் சாய்ந்துகொண்டால் என்ன என்று கை தானாக நீண்டது.

“யார் உன்னை நிக்கச் சொன்னது? லெஃப்ட்!”

கையை இழுத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அறை தூரமாகப் போய்விட்டது, அம்மாவின் குரல் மட்டும் காதுக்குள்ளேயே கேட்டது. மைதானத்தின் மறுகோடி வரை எட்டிய குரலாயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

டக்.

செருப்பு ஸ்டாண்ட். கால்மிதி. ஒருவழியாகக் கதவு.

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு திறந்தது. அண்ணன் கையில் கார் சாவியோடு நின்றான். அவனிடம் சொல்ல நாலு வார்த்தை நேற்றிலிருந்தே தயாராக இருந்தது.

அவன் அவள் காலைப் பார்க்கவே இல்லை. அவள் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்தான். வாயே திறக்க மாட்டேன் என்றவன், திறந்த வாயை மூடவில்லை.

டக்.

சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. சுவரைப் பிடித்தபடி கழுத்தை மட்டும் திருப்பினாள்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, விறைப்பாக அம்மா நின்றுகொண்டிருந்தாள். நடத்திக்கொண்டு வந்த பிள்ளையைத் தாண்டி, வாசலில் நிற்பவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“லேட்டு! வெளிய நில்லு!”

அண்ணன் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே ஓரடி தள்ளிப் போய் நின்றான்.