பருத்தித் துண்டுகள்

"பருத்தியெல்லாம் எங்க போகுது, சீதேவி?"

சீதேவி தையல் மெசினை நிறுத்தவில்லை. வராந்தாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கடல் ஊருக்குள் வந்துபோன நாளிலிருந்து இந்தப் பள்ளிக்கூடம்தான் முகாம்.

"உன்னோடதான் கதைக்கிறன்," என்றார் முகாம் தலைவர் கனகசிங்கம்.

"கேக்குது அண்ணன்."

காத்தான்குடித் தையல்காரர் அப்துல் கபூர் கிழமைக்கு ஓர் உரப்பை நிறைய வெட்டுத்துண்டுகள் அனுப்புவார். அவற்றை ஒட்டிப் போர்வை தைக்க வேண்டும். சீமெந்துத் தரையில் படுக்கும் பிள்ளைகளுக்கு. முகாமுக்கு வந்த ஒரே மெசினைச் சீதேவியிடம் கொடுத்தது அதற்குத்தான்.

கனகசிங்கம் ஒரு போர்வையை உதறிக் காட்டினார். சிவப்பும் பச்சையுமாக வழுவழுத்த துண்டுகள்.

"முழுக்க நைலோன். புள்ளைகள் படுத்தா வழுக்கிக்கொண்டு போகுதுகள். கபூர் காக்காவக் கேட்டன். பாதிக்குப் பாதி பருத்தி போட்டுத்தான் அனுப்புறாராம்."

"அனுப்புறார்தான்."

"அப்ப சந்தைக்கா போகுது?"

தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விடியக்காலையில மடியில என்னமோ கட்டிக்கொண்டு கிணத்தடிக்குப் போறா. நான் கண்டனான்," என்றார் ஒருவர்.

"கடல் விட்டுட்டுப் போனத இவ கொண்டுபோறா போல," என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள்.

சீதேவி நூலைப் பல்லால் அறுத்தாள்.

"நான் விக்கல்ல அண்ணன்."

"மறுகா? வேற எங்க போகுது?"

அவள் வரிசையில் நின்ற ஆண்களைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். புருசனும் வீடும் போனபிறகு மெசினில் குந்தியிருக்கும் நேரம்தான் அவளுக்குத் தலைக்குள் அலைச்சத்தம் கேட்பதில்லை. முகாமில் அது எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லுகா. இல்லாட்டி மெசினை அடுத்த அறையில இருக்கிற பத்தினிப்பிள்ளையிட்டக் குடுத்திருவன்."

"குடுங்க," என்றாள் சீதேவி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

கனகசிங்கம் குனிந்து மெசினைத் தூக்கினார். அவர் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

வரிசையில் நின்ற அவர் மனைவி கேதீஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"நீ தண்ணியப் புடி. இது முகாம் விசயம்."

"முகாம் விசயம்தான் நானும் கேக்கிறன்." அவருக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினாள். "நிவாரண லொறிக்காரர் என்ன வேணுமெண்டு கேட்டநேரம் நீங்கதானே சொன்னீங்க? அரிசி சொன்னீங்க, பருப்புச் சொன்னீங்க, ஆம்புளைகளுக்குச் சவர பிளேட்டும் சொன்னீங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"பொம்புளைப் புள்ளைகளுக்கு மாசாமாசம் அந்த மூண்டு நாளைக்குச் சீலைத்துண்டு வேணும். அத நீங்களும் கேக்கல்ல, எந்த லொறியிலயும் வரல்ல."

மெசின் அவர் கையில் அப்படியே நின்றது.

"மெசினை நம்மட இடத்துக்குக் கொண்டுவாங்க. தனுஷியா காலையில இருந்து எழும்பாமக் குந்தியிருக்காள். பருத்திய நாலா மடிச்சு, உங்கட மகளுக்கு நீங்களே தைச்சுக் குடுங்க."