விடுதி ஓட்டு

ராஜபாளையத்தில் மகள் படிக்கும் கல்லூரி விடுதிக்கே வந்துவிட்டார் ஞானதுரை. கையில் மகாராஜபுரம் வாக்காளர் பட்டியல். 1996 பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறார். ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்.

“ஏட்டி ரூபி, இதுல உன் பேரு எங்க?”

“இங்க மாத்திட்டேம்ப்பா. படிக்கிற ஊர்லயே ஓட்டுப் போட உரிமை இருக்கு.”

“அப்பன் நிக்கையிலயா? இந்த ஊரு அம்புட்டுப் பிடிச்சுப் போச்சோ? எவன் அவன்?”

“ஒருத்தனும் இல்லப்பா.”

“பொய் சொல்லாத. யாருக்காக மாத்துன?”

ரூபி தலை குனிந்தாள். “உங்களுக்காகவும் அம்மாவுக்காகவுந்தான்.”

“அவ எங்க இதுல வந்தா?”

“மனு தாக்கலுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளு. உங்களை எதிர்த்து அம்மா இந்நேரம் மனு குடுத்திருப்பாவ. போன மாசமே எங்கிட்டச் சொல்லிட்டாவ. உங்க ரெண்டு பேர்ல நான் யாருக்குப்பா போட?”