அப்பாசெல்லம்07

வேலை போனால் மின்னஞ்சல் முகவரியும் போய்விடும். புதியதை அரசுதான் ஒதுக்கும். சாகும்வரை அதை மாற்ற முடியாது. ஒதுக்கும் கவுன்ட்டரில் நான் இருக்கிறேன்.

இன்று மாசிலாமணி வந்தார். இருபது வருடங்களுக்கு முன் வேலை நேர்காணலில் என் மின்னஞ்சல் முகவரியை உரக்கப் படித்து, "அப்பா செல்லம்னா வீட்டுலயே இருக்க வேண்டியதுதானம்மா" என்று அறையையே சிரிக்க வைத்தவர். அவருக்கு என்னை நினைவில்லை.

காலி முகவரிகளின் பட்டியலில் நான் எப்போதோ விட்டுவிட்ட அந்த முகவரியைத் தேடிப்பிடித்தேன். அவர் பெயரில் பதிந்து சீட்டை நீட்டினேன்.

"மேடம், எனக்கு அம்பத்தெட்டு வயசு. விண்ணப்பத்துல இதைப் போட்டு அனுப்பினா எவன் வேலை குடுப்பான்?"

"குடுக்க மாட்டாங்க சார்," என்றேன். "பத்திரமா வச்சுக்கோங்க. எங்கப்பா ஆசையா வச்ச பேரு."